கருமாதியைத் தள்ளிவைத்த வெள்ளிக்கிழமை

ஈப்போவில், புந்தோங்கில் அந்தச் சந்தில் மொத்தம் பதினெட்டு வீடுகள். குமுதாவின் வழக்கைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைவிட மற்ற பதினேழு வீடுகளுக்கும் அதிகம் தெரியும். எதிர்வீட்டுப் புஷ்பலதாவுக்கு வழக்கு எண்ணே மனப்பாடம். அதன் கடைசி நாலு எண்ணை எடுத்து லாட்டரிக் கடையில் இரண்டு வாரம் நம்பர் கட்டிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. ‘அவளுக்கே ராசி இல்ல, அவ கேஸ் நம்பருக்கு எங்க இருக்கப் போவுது’ என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

விவாகரத்து அந்தச் சந்துக்கு ஒரு விஷயமே இல்லை. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு எடுத்த சேலை கசங்குவதற்குள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். புருஷன் போன பிறகும் புருஷனுடைய அப்பா போகவில்லை என்பதுதான் சந்தின் வாயில் மூன்று வருஷமாக அரைபட்டுக்கொண்டிருந்தது. யுகேந்திரன் ஜெலாப்பாங்கில் வேறொருத்தியோடு குடித்தனம் போனபோது இரண்டு பெட்டி, டிவி, மணல் லோரியின் சாவி எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டான். அப்பாவை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான். பத்துமலை என்கிற அந்தக் கிழவரும் ஞாபகப்படுத்தவில்லை.

“ஏன் பெரியவரே, மகன்கிட்டப் போலயா?” என்று புஷ்பலதா கேட்டிலிருந்தே கேட்டால், “அங்க சோறு கொழஞ்சி போவுதாம்மா” என்பார். அவர் ஒரு நாளும் அங்கே சாப்பிட்டதில்லை.

ஆக, வீடு பத்திரத்தில் யுகேந்திரனுடையது. கூட்டிப் பெருக்கி இருப்பது குமுதா. உட்கார்ந்து சாப்பிடுவது யுகேந்திரனின் அப்பா. இதில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் கோர்ட்டே குழம்பும் என்று சந்து சொல்லிக்கொண்டது. கோர்ட் குழம்பவில்லை. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டது. பிள்ளை இல்லை, பிரிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். வீடு இருந்தது.

யுகேந்திரன் மனுப் போட்டான். வீட்டை விற்க வேண்டும், பணம் முழுக்கத் தன்னுடையது.

குமுதாவின் வக்கீல் அனுஜா, மயில்வாகனம் டாக்டரின் மகள். ஈப்போ டவுனில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருந்தும் யாழ்ப்பாணத்து ‘வாங்கோ’ அந்தக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. குமுதாவுக்கு அந்தப் பேச்சு முதலில் சிரிப்பாக இருந்தது. யுகேந்திரனின் சத்தியப் பத்திரத்தை அனுஜா மலாய் மொழியிலிருந்து தமிழாக்கிச் சொன்ன அன்று சிரிப்பு வரவில்லை.

“வீட்டு முன்பணம் முழுக்கத் தன்ர காசு எண்டு சொல்லுறார் அக்கா. நீங்கள் ஒண்டும் போடேல்லையாம்.”

“என் பதினோரு பவுனு?”

“அப்பிடி ஒரு நகையே இல்லையாம்.”

குமுதா மேசைமேல் விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். ஆரம், இரண்டு சங்கிலி, ஆறு வளையல், ஜிமிக்கி. அம்மா போட்டு அனுப்பியது. வீடு வாங்க முன்பணம் கட்டவேண்டிய வாரத்தில் அவள் மூன்றாவது முறையாகக் கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலில் இருந்தபடியே அலமாரிச் சாவியை மாமனாரிடம் கொடுத்தாள். அவர் நகையைத் துண்டில் முடிந்து, துண்டை இடுப்பில் கட்டி, பஸ் ஏறிப் போய் விற்று, பணத்தை மகன் கையில் கொடுத்தார். நகைக்கடை மூடிப் பத்து வருஷம் ஆகிறது. ரசீது எந்த மழையில் போனதோ.

“கல்யாணப் போட்டோவுல எல்லாம் கழுத்துல இருக்கே லா.”

“நகை இருந்ததெண்டு போட்டோ சொல்லும். எங்க போனதெண்டு சொல்லாதே அக்கா. அதைச் சொல்ல உங்கட மாமா ஒராள்தான் இருக்கிறார். அவர் சத்தியம் செய்து கையெழுத்து வைக்கோணும். உங்கட பத்திரமும் அவற்ற பத்திரமும் ரெண்டும் நவம்பர் இருபத்தொண்டுக்குள்ள கோர்ட்டுக்குப் போகோணும். முதல் தவணை முடிஞ்சுபோச்சு. இது கடைசி எண்டு நீதிபதி சொல்லிப்போட்டார்.”

முதல் தவணை முடிந்ததற்குக் காரணமே பத்துமலைதான். முதல் வாரம் அமாவாசை வருகிறது என்றார். அடுத்த வாரம் முட்டி வலி. அதற்கடுத்து மழை. ஈப்போவில் மழை இல்லாத நாளைப் பார்த்து வெளியே போவதென்றால் வருஷத்துக்கு நாலு தடவைதான் போகலாம். குமுதாவுக்கு அவரை வற்புறுத்த வாய் வரவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிய மனிதர். தோட்டம் போய், லயத்து வீடு போய், பெண்டாட்டி போய், மிச்சம் இருப்பது ஒரே மகன். அவனுக்கு எதிராகக் கையெழுத்துக் கேட்கிறாள்.

ஒரு புதன்கிழமை காலையில் அவரே ஆரம்பித்தார். கோப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே,

“மகன் மேல சத்தியம் பண்ணச் சொல்றியேம்மா” என்றார்.

“அவரு மேல இல்ல மாமா. நகை மேல.”

“நகையே இல்லன்னா எழுதியிருக்கான்?”

“ஆமா.”

“அப்ப நான் இடுப்புல கட்டிக்கிட்டுப் போனது என்னா, மொச்சக்கொட்டையா?” ரொட்டி கோப்பிக்குள் விழுந்துவிட்டது. கரண்டியால் தேடி எடுத்தார். “திங்கக்கெழம வாடகக் காடி கூப்புடு. போலாம்.”

மறுநாள் வியாழக்கிழமை, நவம்பர் ஆறு. காலை ஷிப்ட் முடிந்து ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து குமுதா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது அவர் முன்வாசல் நாற்காலியில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மாமா, சாப்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பையை வைத்துவிட்டு, பதில் வராததால் திரும்பி வந்தாள்.

புஷ்பலதாதான் முதலில் ஓடி வந்தாள். அவள் எல்லாவற்றுக்கும் முதலில் ஓடி வருவாள். ஆனால் அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்காமல் கிழவரின் கண்ணை மூடி, தாடையைச் சேர்த்துக் கட்டினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யுகேந்திரன் ஒரு மணி நேரத்தில் வந்தான். லோரியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்தே அழுதுகொண்டு நடந்தான். சந்து அவன் அழுகைக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று யோசிப்பதற்குள் அவன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். ஐம்பது வயது ஆள் அப்படி அழுதால் யாராலும் பார்க்க முடியாது. குமுதா தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவனுக்குக் கொடுத்த முதல் தண்ணீர்.

கிழவரின் தம்பி ஜெயபாலன் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். எந்தச் சாவு வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்காமலே தலைவராகிவிடுவார். இங்கே அவர். எரித்துவிட்டு வந்த அன்றே சட்டம் சொல்லிவிட்டார்.

“உயிர் போன எடத்துலதான் வெளக்கு எரியணும். கொள்ளி வச்சவன் பதினாறு நாளும் வெளக்குப் பக்கத்துல இருக்கணும். யுகேந்திரா, நீ இங்கதான் படுக்கற.”

யுகேந்திரன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு குமுதாவைப் பார்த்தான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

“நான் எங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிர்றேன் சித்தப்பா” என்றாள் குமுதா.

“நீ போயிட்டா யாரு படையல் போடறது? நீதாம்மா இந்த வீட்டு மருமக. கோர்ட்டு ஆயிரம் சொல்லட்டும். எங்கண்ணன் கடைசி வரைக்கும் யாரு கையில தின்னாரு?”

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் விழுந்தாள். வேறு எதற்கும் இல்லை. மூன்று வருஷமாகச் சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை அவள் பெயருக்கு வரவில்லை. தைப்பூசத்துக்குக்கூட யாரும் வா என்று கூப்பிடவில்லை. இப்போது ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் மருமகள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சமையலறைக்குள் போய் அரிசி களைந்தாள்.

மறுநாள் யுகேந்திரன் ஒரு பையோடு வந்தான். புஷ்பலதா பையின் அளவைக் கேட்டிலிருந்தே எடைபோட்டாள். “சின்னப் பைதான். பதினாறுக்கு மட்டுந்தான்” என்று பக்கத்து வீட்டுக்குச் செய்தி போனது.

எட்டாம் நாள் படையல் முடிந்து, ஜெயபாலனும் இரண்டு பங்காளிகளும் முன்வாசலில் உட்கார்ந்து நாள்காட்டியைப் பிரித்தார்கள். பதினாறாம் நாள் இருபத்தொன்றில் விழுந்தது. வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கெழம எவன் வருவான்? எல்லாம் வேல நாளு.”

“வெள்ளிக்கெழமயில கருமாதி வேற. சாமி நாளு.”

“ஞாயித்துக்கெழம வச்சுக்கலாம் லா. இருவத்தி மூனு. எல்லாருக்கும் சௌகரியம்.”

ஐயருக்குப் போன் போட்டார்கள். அவருக்கும் வெள்ளிக்கிழமை வேறு இடம் இருந்தது, பரவாயில்லை என்றார். ஐந்து நிமிஷம்தான். செத்தவருடைய ஆத்மா பதினாறாம் நாளில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணி வைத்த கணக்கு, தேநீர் ஆறுவதற்குள் இரண்டு நாள் தள்ளிப் போய்விட்டது. ஆத்மாவும் ஞாயிற்றுக்கிழமை வரை இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கென்ன அவசரம்.

தேநீர் கொண்டுவந்த குமுதா நாள்காட்டியில் அந்த எண்ணைப் பார்த்தாள். இருபத்தொன்று.

“எனக்கும் அன்னைக்குத்தான் தேதி” என்று சொல்லிவிட்டாள்.

“என்ன தேதி?” என்றான் யுகேந்திரன்.

“கேசு தேதி. உங்க மனுவுக்கு நான் பதில் போடணும். அன்னைக்குத்தான் கடைசி.”

பங்காளிகள் தேநீரை ஊதினார்கள். யுகேந்திரனின் காது சிவந்தது. அப்பாவின் பெயர் அந்தப் பதிலில் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஏதோ பட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு,

“அப்பா போயி எட்டு நாளு. இப்பப் போயி கோர்ட்டு கீர்ட்டுன்னு நாம நிக்கணுமா? நான் என் லாயர்கிட்டச் சொல்லித் தள்ளிப்போடச் சொல்றேன். பதினாறு முடியட்டும் குமுதா” என்றான்.

“அதான் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டீங்களே, அப்புறம் என்னா” என்று ஜெயபாலன் தீர்ப்பு எழுதி முடித்தார். “நாளு நம்ம கையிலதான இருக்கு.”

சொன்னபோது யுகேந்திரன் பொய் சொல்லவில்லை. இதைச் சந்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். குமுதா இன்றைக்கும் நம்புகிறாள்.

அந்த நாட்களைப் பற்றிச் சந்து நிறையப் பேசியது. பேசுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் உண்மை. அவன் கூடத்தில் விளக்கருகே பாயில் கிடந்தான். அவள் உள்ளறையைத் தாழ் போட்டுக்கொண்டாள். காலையில் அவன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினான், அவள் கோப்பி வைத்தாள். மூன்று வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை ஒரு மதியம் கேட்காமலே கழற்றிச் சரி செய்தான். ரசத்தை ஊற்றிக்கொண்டு, “அப்படியே இருக்கு” என்றான். அடுத்த நாளும் ரசம் வைத்தாள். அவ்வளவுதான். தொழிற்சாலைக்கு வருஷ லீவைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். துணி காயப்போட்டபோது அவனுடைய வேட்டியும் கொடியில் இருந்தது. அதை எதிர்வீட்டிலிருந்து பார்க்கத் தோதாகத்தான் கொடி கட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அனுஜா போன் செய்தாள். யுகேந்திரன் தள்ளிப்போடுவதாகச் சொல்லியிருக்கிறான் என்றாள் குமுதா.

“அவர் சொன்னாக் காணாது அக்கா. அவற்ற லோயர் எழுத்தில தரோணும். பிறகு கோர்ட்டும் ஓமெண்டு சொல்லோணும். எனக்கு ஒண்டும் வரேல்ல.”

“சொல்றேன்னு எல்லாரு முன்னுக்கும் சொன்னாரும்மா.”

“எல்லாரெண்டால் யார்?”

“சித்தப்பா, பங்காளிங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. சட்டப் புத்தகத்தில் பங்காளிகளுக்கு எந்தப் பிரிவு என்று அந்தப் பெண் தேடியிருக்கலாம்.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். “உங்கட பத்திரம் தயாரா இருக்கு. மாமான்ர இனி இல்ல, அது போனது போனதுதான். ஆனா உங்கட வாயால நகையைப் பற்றிச் சொல்லியிருக்கிறம், டைல்ஸ், கிரில், அடுப்படி எல்லாம் இருக்கு. சத்தியம் வாங்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு நானே வீட்டுக்கு வாறன். பத்து நிமிஷ வேலை.”

குமுதா பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் நின்றிருந்தாள். கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. யுகேந்திரன் விளக்கின் முன் குனிந்து திரியைத் தூண்டிக்கொண்டிருந்தான். மொட்டையில் முளைத்த முடி முக்கால்வாசி வெள்ளை. அவனுக்கு நரைத்துவிட்டது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இங்கயா?” என்றாள். “இந்த வெளக்குக்கு முன்னாடி உக்காந்து, அவரு பொய் சொல்றாருன்னு நான் சத்தியம் பண்ணணுமா?”

“உண்மையைத்தானே அக்கா சொல்லப் போறீங்கள்.”

“உண்மைதாம்மா. ஆனா துக்க வீடு.”

“அப்ப நாளைக்குக் காலமை இங்க வாங்கோ. கட்டாயம். நாளைக்கு விட்டால் என்னால ஒண்டும் செய்யேலாது.”

“வாரேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குமுதா குளித்து, நல்ல சேலை கட்டி, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டாள். இது புஷ்பலதாவே பார்த்தது. மோட்டாரின் சாவி கையில் இருந்தது. அப்போதுதான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஜெயபாலனின் பெண்டாட்டி நல்லம்மாள் தலைமையில் ஐந்து பெண்கள், ஒரு மூட்டை மாவு, இரண்டு டின் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைக்கு முறுக்கும் அதிரசமும் இன்றைக்கே சுட்டாக வேண்டும்.

“எங்க கெளம்பிட்ட?” என்றாள் நல்லம்மாள்.

உள்ளிருந்து யுகேந்திரன் எட்டிப் பார்த்தான். அவனைப் பார்த்துக்கொண்டே குமுதா, “சொல்லிட்டீங்கல்ல?” என்று கேட்டாள். என்ன, யாரிடம் என்று கேட்கவில்லை. ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

“ம்” என்றான்.

“எங்கயும் இல்ல சித்தி” என்று பையை ஆணியில் மாட்டினாள். நல்ல சேலையை மாற்றிக்கொண்டு வந்து மாவு பிசைந்தாள். கைப்பைக்குள் போன் நாலு முறை அடித்தது. எண்ணெய் கொதிக்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று அவள் பிறகு சொன்னாள். கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கருமாதி நன்றாக நடந்தது. நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள். அதிரசம் கொஞ்சம் கெட்டி என்று சந்து அபிப்பிராயப்பட்டது. திங்கட்கிழமை விளக்கு எடுத்த பிறகு யுகேந்திரன் சின்னப் பையோடு லோரி ஏறினான். போகும்போது “கதவச் சாத்திக்க” என்றான்.

கோர்ட் கதவு வெள்ளிக்கிழமையே சாத்தியாகிவிட்டது. இன்னொரு தவணை கேட்டு அனுஜா மனுப் போட்டாள், சாவைச் சொன்னாள், சாவுப் பத்திரத்தை இணைத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. மாமனார் இறந்தது ஆறாம் தேதி, இருபத்தொன்று வரை மருமகளுக்கு ஒரு கையெழுத்துப் போட நேரமில்லையா, அதிலும் அவர் இப்போது மாமனாரே இல்லையே என்றாராம். சட்டப்படி அது சரிதான். நீதிபதி இருக்கிற காகிதத்தை வைத்துத்தான் பார்ப்பேன் என்றார்.

தீர்ப்பு நாளில் கோர்ட் வராந்தாவில் யுகேந்திரன் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான். தலையில் முடி வளர்ந்து கறுப்புச் சாயம் ஏறியிருந்தது. குமுதா நேரே அவனிடம் போனாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். சத்தியமா. எட்டுக்கு மறுநாளே போன் பண்ணேன்.”

“அப்புறம்?”

“லாயர் திட்டுனாரு. ஒனக்கு வீடு வேணுமா வேணாமான்னு கேட்டாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

அவன் தண்ணீர் மெஷினைப் பார்த்தான். “நான் என்னத்தச் சொல்றது, குமுதா.”

“வெள்ளிக்கெழம கேட்டப்ப ‘ம்’னு சொன்னீங்களே.”

“எல்லாரும் நின்னாங்க. அப்பாவுக்குச் செய்யற நேரத்துல…” எல்லாரும் நின்றார்கள் என்பதுதான் அவளுக்கும் காரணம். அதை அவனிடம் மட்டும் எப்படிக் குற்றமாகச் சொல்வது.

நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. காகிதங்களை இரண்டு முறை புரட்டினார், அவள் தரப்பில் ஒன்று இருக்குமோ என்று பார்ப்பதுபோல. இத்தனை வருஷம் வீட்டைப் பார்த்துக்கொண்டதற்காக அவளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆறு மாதத்துக்குள் வீட்டை விற்க வேண்டும். விற்கும் வரை அவள் இருக்கலாம்.

“அப்பீலுக்கு ஒரு மாசம் இருக்கு” என்றாள் அனுஜா, படியிறங்கும்போது. “ஆனா உள்ளதைச் சொல்லுறன். அங்கயும் இதே கடதாசியளைத்தான் பாப்பினம். இங்க குடுக்காததை அங்க புதுசாக் குடுக்கிறது பெரிய கஷ்டம்.”

“வேணாம்மா.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ. தேதி மட்டும்…”

“தேதி தள்ளாது. தெரியும்மா” என்றாள் குமுதா. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழக்கு ஃபைலை மாரோடு அணைத்துக்கொண்டாள். அழாமல் இருக்க அந்த வக்கீலுக்கு வயசு போதவில்லை, அவ்வளவுதான்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த சீனக் குடும்பம் பத்து நிமிஷத்தில் ஓடியது. இரண்டாவதாக வந்த மலாய் வாத்தியார் திரும்ப வரவேயில்லை. மூன்றாவது ஆளுக்குப் பின்னால் புஷ்பலதா கேட்டுக்கு வெளியே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதைக் குமுதா பார்த்துவிட்டாள்.

“என்னக்கா சொல்றீங்க அவங்ககிட்ட?”

“ஒன்னும் இல்லயே.”

“அக்கா.”

“பெரியவரு காலையில நாற்காலியில வந்து உக்காருறாருன்னு சொன்னேன்” என்றாள் புஷ்பலதா. “மொதல்ல வந்தவங்களுக்குப் பேயி. வாத்தியாருக்குப் பாம்பு. அவரு பேய நம்புனாலும் வெளிய சொல்ல மாட்டாரு, பாம்புன்னா பயந்துருவாரு லா.”

“எதுக்குக்கா?”

“விக்கலன்னா நீ இருக்கலாம்ல.” புஷ்பலதா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “எதுத்தாப்புல எவளோ ஒருத்தி வந்தா, அவளப் பத்தி நான் மொதல்லருந்து தெரிஞ்சுக்கணும். இந்த வயசுல எனக்கு அது முடியுமா?”

நாலாவதாக வந்தது பவித்ரன், விமலா என்று ஒரு இளம் ஜோடி. சுங்கை சிப்புட் பக்கம் வாடகைக்கு இருக்கிறார்கள். அவளுக்கு ஏழு மாதம். பவித்ரன் முன்வாசலில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். விமலா குமுதாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, எதுத்த வீட்டு ஆண்ட்டி சொன்னாங்க… இங்க ஒருத்தரு செத்துட்டாராமே. வீடு ராசியில்லையாம்.”

குமுதா எதிரே பார்த்தாள். புஷ்பலதா கேட்டைப் பிடித்துக்கொண்டு, சரி என்று சொல், சொல்லிவிடு என்பதுபோல் நின்றிருந்தாள். ஒரு வார்த்தைதான். ஆமாம் என்றால் இன்னும் இரண்டு மாதமாவது இருக்கலாம்.

அந்தப் பெண் நின்று நின்று முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டில் தண்ணீர் மாடிக்கு ஏறாது என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

“செத்தாரு” என்றாள் குமுதா. “எங்க மாமா. எழுவத்தொம்பது வயசு. நோயில்ல, நொடியில்ல, பேப்பர் படிச்சுக்கிட்டே போயிட்டாரு. அது ராசியில்லாத சாவா? வா, உள்ள வா.”

ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்தத் தரை ஓடு தொழிற்சாலை போனஸில் போட்டது, தேய்த்தால் இன்னும் பத்து வருஷம் வரும். ஜன்னல் கம்பி ஒரு வருஷ ஓவர்டைம். அடுப்படி மேடை அவள் உயரத்துக்கு அளந்து கட்டியது, உனக்கும் சரியாக இருக்கும், நில் பார்ப்போம். பின்பக்கம் பெரிய மழைக்கு மட்டும் ஒரு மூலை ஒழுகும், வாளி வைத்தால் போதும், அதை மறைக்கக்கூடாது. இந்த வீட்டு முன்பணம் என் பதினோரு பவுன் தங்கச்சி, ஆரம், ரெண்டு சங்கிலி, ஆறு வளையல், ஜிமிக்கி, என் மாமனார் இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் விற்று வந்தது. தங்கம் போட்ட வீடு, ராசிக்கு என்ன குறை. ஒரு இடத்திலும் நிறுத்தாமல், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். விமலா மேடையில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

“நல்ல வீடுதான்க்கா. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வெலதான் கொஞ்சம்… நீங்க பாத்துக் குறைக்க முடியுமா?”

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது அடங்கவும் கொஞ்ச நேரம் ஆனது.

“வெல எனக்குத் தெரியாதும்மா. வீடு அவரு பேருல இருக்கு. அவருகிட்டத்தான் கேக்கணும்.”

“அவரு நம்பர் இருக்காக்கா?”

குமுதா போனை எடுக்கவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி, பார்க்காமலே சொன்னாள்.